பரவிவிட்டதா? பயாப்ஸி முடிவுக்குக் காத்திருக்கும் வீட்டாரின் கேள்விகளும் பதில்களும்

கட்டி இருக்கிறது, சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பியாகிவிட்டது, முடிவு இன்னும் வரவில்லை. இந்த நாட்களில் இருக்கும் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். வட சென்னையில் ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, வியாசர்பாடிப் பக்கம் அக்கம்பக்கத்தாரோடு ஆஸ்பத்திரிக்குத் துணையாகப் போய் வருகிறவர்களில் நானும் ஒருத்தி. நான் மருத்துவர் இல்லை. ஓ.பி. வாசலில் உட்கார்ந்திருக்கும்போது என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகள் இவை. உங்கள் வீட்டு நோயாளிக்கு எது பொருந்தும் என்பதை அவரைப் பார்க்கும் டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

டாக்டர் “சந்தேகமா இருக்கு” என்று மட்டும் சொன்னார். அப்படியென்றால் கேன்சர்தானா?

இல்லை. சந்தேகம் என்றால் சந்தேகம் மட்டும்தான். கையால் தொட்டுப் பார்த்தும் ஸ்கேனில் பார்த்தும் டாக்டர்கள் ஓரளவு ஊகிப்பார்கள். ஆனால் பெரும்பாலான புற்றுநோய்களில் திசுவை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்த பிறகுதான் உறுதியாகச் சொல்வார்கள். மார்பில் வரும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. அதற்காக ஒன்றும் இருக்காது என்று டெஸ்டைத் தள்ளிப்போடவும் கூடாது. புற்றுநோய்க் கட்டி ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது. “வலி இல்லையே, அப்புறம் பார்க்கலாம்” என்று விட்டுத்தான் பலர் தாமதமாக வருகிறார்கள்.

பரவுவது என்கிறார்களே, உடம்புக்குள் உண்மையில் என்ன நடக்கிறது?

நம் உடம்பின் செல்கள் ஒரு கட்டுப்பாட்டில் வளர்கின்றன. பழையது சாகும், புதியது பிறக்கும், அதனதன் இடத்தில் இருக்கும். புற்றுநோய்ச் செல்லில் இந்தக் கட்டுப்பாடு கெட்டுப்போகிறது. அது பெருகிக்கொண்டே போய்க் கட்டியாகிறது. வாய், குடல், மார்பு, கர்ப்பப்பை வாய் போன்ற இடங்களில் தோன்றும் புற்றுநோய்கள் முதலில் மேல்படலத்துக்குள்ளேயே இருக்கும். படலத்துக்கு அடியில் ஒரு மெல்லிய சவ்வு உண்டு. அதை உடைத்துக்கொண்டு செல்கள் கீழே இறங்கும்போதுதான் பரவல் தொடங்குகிறது.

அதற்குப் பிறகு வழிகள் சில. பக்கத்துத் திசுவுக்குள் நேராக ஊடுருவுவது ஒன்று. அடுத்தது நிணநீர்க் குழாய்கள். ரத்தக் குழாய்களைப் போலவே உடம்பெங்கும் ஓடும் இந்த மெல்லிய குழாய்கள் வழியாகச் செல்கள் போய், கழுத்து, அக்குள், தொடை இடுக்கு போன்ற இடங்களில் உள்ள நிணநீர் முடிச்சுகளில் தங்கும். காய்ச்சல் வந்தால் “நெறி கட்டியிருக்கு” என்று நாம் தடவிப் பார்ப்பது இந்த முடிச்சுகளைத்தான். இன்னொரு வழி ரத்தம். கல்லீரல், நுரையீரல், எலும்பு, மூளை என்று தூரத்து உறுப்புகளுக்குப் போவது பெரும்பாலும் இப்படித்தான். சினைப்பை, இரைப்பைப் புற்றுநோய்கள் வயிற்றின் உள்பரப்பில் தூவினாற்போலப் பரவுவதும் உண்டு. வயிற்றில் நீர் கோத்துக்கொள்வதற்கு அது ஒரு காரணம்.

இதில் பலருக்குத் தெரியாத ஒரு விஷயம் இருக்கிறது. கட்டியிலிருந்து கழன்று ரத்தத்தில் கலக்கும் செல்களில் மிகப் பெரும்பாலானவை செத்துப்போகின்றன. ரத்த ஓட்டத்தின் வேகம் சிலவற்றைக் கொல்லும், எதிர்ப்பு சக்தி சிலவற்றைக் கொல்லும், மிச்சம் இருப்பதிலும் புது இடத்தில் பிழைக்க முடியாதவையே அதிகம். பிழைத்துக்கொள்ளும் மிகச் சிலதான் அங்கே தங்கி, தனக்கென்று ரத்தக் குழாய்களை வரவழைத்து வளர்கின்றன. சில செல்கள் வருடக்கணக்கில் அசையாமல் கிடந்து பிறகு எழுவதும் உண்டு. சிகிச்சை முடிந்தும் பல வருடங்களுக்கு செக்கப்புக்குக் கூப்பிடுவது அதனால்தான்.

ஸ்டீஃபன் பேஜெட் என்ற லண்டன் டாக்டர் 1889-ல், மார்பகப் புற்றுநோயால் இறந்த 735 பெண்களின் பிரேதப் பரிசோதனைக் குறிப்புகளை ஆராய்ந்தார். நோய் எல்லா உறுப்புக்கும் சமமாகப் போகவில்லை, சில உறுப்புகளையே அதிகம் நாடியது. செல்லை விதையாகவும் உறுப்பை மண்ணாகவும் வைத்து அவர் அதை விளக்கினார். விதை எங்கும் விழலாம், ஏற்ற மண்ணில்தான் முளைக்கும். இன்றைய ஆராய்ச்சியும் அந்த அடிப்படையை ஏற்றுக்கொண்டுதான் நடக்கிறது.

அப்படியென்றால் எந்தப் புற்றுநோய் எங்கே போகும் என்று முன்கூட்டியே தெரியுமா?

போகக்கூடிய இடங்கள் தெரியும். போயிருக்கிறதா என்பதுதான் தெரியாது. பெருங்குடலின் ரத்தம் முதலில் கல்லீரலுக்குப் போகிறது, அதனால் குடல் புற்றுநோயில் கல்லீரலைப் பார்ப்பார்கள். மார்பகம் என்றால் அக்குள் முடிச்சுகள், பிறகு எலும்பு, நுரையீரல், கல்லீரல், மூளை. புராஸ்டேட் என்றால் எலும்பு, குறிப்பாக முதுகெலும்பும் இடுப்பெலும்பும். நுரையீரல் என்றால் மூளை, எலும்பு, கல்லீரல், சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் அட்ரீனல் சுரப்பி. வாய்ப் புற்றுநோய் பெரும்பாலும் முதலில் கழுத்து முடிச்சுகளுக்குத்தான் வரும். மாவா, ஹான்ஸ் என்று மெல்லும் புகையிலை போடுகிறவர் வாய்ப்புண்ணோடு போனால் டாக்டர் வாயைப் பார்த்துவிட்டுத் தாடைக்குக் கீழே, காதுக்குப் பின்னால், கழுத்தின் இரண்டு பக்கமும் விரலால் அழுத்தி அழுத்தித் தேடுவது இதற்காகத்தான்.

ஸ்கேன் மேல் ஸ்கேன் எழுதியிருக்கிறார்கள். பரவிவிட்டதால்தானே?

இந்தக் கேள்விதான் வீட்டார் தூக்கத்தைக் கெடுக்கிறது, அதனால் அழுத்திச் சொல்கிறேன். தேடுகிறார்கள் என்றால் இருக்கிறது என்று அர்த்தமில்லை. மேலே சொன்ன வழிகளை மனதில் வைத்து டெஸ்ட் சீட்டை எடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு டெஸ்டும் ஒரு கேள்வி. மார்பில் கட்டி உள்ள அத்தைக்கு வயிற்று ஸ்கேன் எழுதினால், “கல்லீரலில் ஏதாவது இருக்கிறதா?” என்பது கேள்வி. பல நேரம் “இல்லை” என்றே பதில் வரும். அந்த “இல்லை” கிடைத்தால்தான் ஆபரேஷனா, மருந்தா, எது முதலில் என்று முடிவு செய்ய முடியும். கிரியாட்டினின் ரத்த டெஸ்ட் எழுதினால் கிட்னி கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம். சி.டி. ஸ்கேனுக்கு ஊசி மருந்து ஏற்றும் முன் கிட்னி தாங்குமா என்று பார்ப்பது வழக்கம்.

பெட் ஸ்கேன் பற்றி ஒரு எச்சரிக்கை. அதில் பளிச்சென்று தெரியும் இடமெல்லாம் புற்றுநோய் அல்ல. கிருமித் தொற்று, வீக்கம், டி.பி. எல்லாமே பளிச்சென்று தெரியும். ரிப்போர்ட்டை மொபைலில் தேடிப் படித்து நீங்களே தீர்ப்பு எழுதிவிடாதீர்கள்.

கழுத்தில் நெறி இருக்கிறது. டி.பி.யா, கேன்சரா?

இரண்டுமாக இருக்கலாம், இரண்டும் இல்லாமலும் இருக்கலாம். சாதாரணப் பல் சீழுக்குக்கூட நெறி கட்டும். நம் ஊரில் நிணநீர் முடிச்சில் டி.பி. வருவது சகஜம். எடை குறைவது, சாயங்காலக் காய்ச்சல், இரவில் வியர்ப்பது டி.பி.யிலும் உண்டு, நிணநீர்ப் புற்றுநோயிலும் உண்டு. ஊசி வைத்து உறிஞ்சிப் பார்க்கும் டெஸ்ட் ஓரளவு பதில் சொல்லும். போதாவிட்டால் முடிச்சையே எடுத்துப் பார்ப்பார்கள். முடிவு வரும் முன் மருந்துக் கடையில் ஸ்டீராய்டு மாத்திரை வாங்கிப் போட வேண்டாம். நெறி தற்காலிகமாக வற்றிவிடும், பயாப்ஸியும் குழம்பிவிடும்.

கத்தி பட்டால் பரவிவிடும் என்று பெரியவர்கள் சொல்கிறார்களே?

இந்தப் பயம் எத்தனையோ உயிர்களை எடுத்திருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. அந்தக் காலத்தில் முற்றிய பிறகே ஆபரேஷனுக்குப் போனார்கள், வயிற்றைத் திறந்து பார்த்து மூடினார்கள், சில மாதத்தில் ஆள் போய்விட்டார். பார்த்தவர்கள் கத்தியைக் குற்றம் சொன்னார்கள். உண்மையில் நோய் அதற்கு முன்பே பரவியிருந்தது. ஊசி போகும் பாதையில் செல் ஒட்டிக்கொள்வது மிக அரிதாக நடப்பதுண்டு. அது எந்த உறுப்புகளில் நடக்கும் என்று டாக்டர்களுக்குத் தெரியும். விதைப்பையில் கட்டி என்றால் ஊசி வைக்காமல் நேராக ஆபரேஷனுக்குப் போவது அதனால்தான். மற்றபடி பயாப்ஸி இல்லாமல் எந்த மருந்து கொடுப்பது என்றே தெரியாது.

பயாப்ஸி முடிவுக்கு ஏன் இத்தனை நாள்? மறந்துவிட்டார்களா?

பல இடங்களில் எடுத்த சதையை ஒரு சின்ன பாட்டிலில், சதை கெடாமல் வைக்கும் ஃபார்மலின் திரவத்தில் போட்டு, சீட்டோடு நம் கையில் கொடுத்து, பேதாலஜி லேபில் கொண்டுபோய்க் கொடுக்கச் சொல்வார்கள். உள்ளே பார்த்தால் அரிசி நொய் அளவுக்கு இரண்டு மூன்று துணுக்கு வெள்ளையாகக் கிடக்கும். அந்த இடத்தில் நில்லுங்கள். பாட்டிலில் ஒட்டிய பெயர், வயது, ஓ.பி. எண், எந்த உறுப்பு என்பது எல்லாம் சீட்டோடு ஒத்துப்போகிறதா பாருங்கள். லேபில் கொடுத்ததும் அவர்கள் போடும் எண்ணை எழுதி வாங்குங்கள். அந்த எண் தொலைந்தால் அலைச்சல் உங்களுக்குத்தான்.

அதற்குப் பிறகு அந்தத் துணுக்கு ஃபார்மலினில் ஊற வேண்டும். அதிலுள்ள நீரை எடுத்து, மெழுகில் பதித்து, முடியைவிட மெல்லிசாகச் சீவி, கண்ணாடி ஸ்லைடில் ஒட்டிச் சாயம் ஏற்றுவார்கள். எலும்பாக இருந்தால் சுண்ணாம்புச் சத்தைக் கரைக்கவே தனியாக நாள் பிடிக்கும். செல் எந்த உறுப்பிலிருந்து வந்தது, எந்த மருந்துக்குக் கேட்கும் என்று பார்க்க இன்னும் ஒரு வகைச் சாய டெஸ்ட் தேவைப்படலாம். ஐ.ஹெச்.சி. என்று சீட்டில் இருக்கும். அதற்கும் சில நாள் ஆகும். தாமதம் என்றாலே கெட்ட செய்தி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். சொன்ன தேதி தாண்டினால் மட்டும் எண்ணோடு போய்க் கேளுங்கள், வெட்கப்பட வேண்டாம்.

இந்தக் காத்திருப்பிலேயே பரவிவிடாதா?

பெரும்பாலான கட்டிகள் உங்களுக்குத் தெரிய வருவதற்கு முன்பே மாதக்கணக்கில், சில நேரம் வருடக்கணக்கில் வளர்ந்தவை. சரியான டெஸ்டுக்காகக் காத்திருக்கும் ஒன்றிரண்டு வாரம் பெரும்பாலும் நிலைமையை மாற்றாது. தவறான சிகிச்சையை அவசரமாக ஆரம்பிப்பதுதான் அதிக நஷ்டம். திடீர் ரத்தப் புற்றுநோய், சில நிணநீர்ப் புற்றுநோய்கள் வேகமானவை. அவற்றில் டாக்டர்களே உங்களை விரட்டுவார்கள். ஆனால் வாரம் மாதமாகி, “மீன்பிடித் தடைக்காலம் முடியட்டும், பொண்ணு கல்யாணம் முடியட்டும்” என்று நாமே தள்ளிப்போடுவது வேறு. அது வேண்டாம்.

எந்த அறிகுறி வந்தால் முடிவுக்குக் காத்திருக்காமல் உடனே ஓட வேண்டும்?

முதுகுவலியோடு கால் மரத்துப்போவது, நடை தள்ளாடுவது, சிறுநீர் அடைத்துக்கொள்வது அல்லது தெரியாமல் போவது. இது தண்டுவடம் அழுந்துவதாக இருக்கலாம். அன்றைக்கே காட்டினால் காலைக் காப்பாற்ற வழி உண்டு, இரண்டு நாள் விட்டால் கஷ்டம். மூச்சுத் திணறல், வலிப்பு, திடீர்க் குழப்பம், முகமும் கழுத்தும் வீங்குவது, நிற்காத ரத்தம், வாந்தியோடு வயிறு உப்பி மலமும் காற்றும் போகாமல் நிற்பது, இவற்றுக்கும் 108-ஐக் கூப்பிடுங்கள். முதுகு, இடுப்பு வலியை வாயு என்று நினைத்து எண்ணெய் போட்டு நீவுவது, சுளுக்கு எடுப்பது வேண்டவே வேண்டாம். எலும்பில் நோய் இருந்தால் அப்படியே முறிந்துவிடலாம்.

ஸ்டேஜ் என்பது என்ன? நான்கு என்றால் முடிந்ததா?

கட்டி எவ்வளவு பெரியது அல்லது எவ்வளவு ஆழம் போயிருக்கிறது, நிணநீர் முடிச்சுக்கு வந்திருக்கிறதா, தூரத்து உறுப்புக்குப் போயிருக்கிறதா, இந்த மூன்றையும் வைத்துப் போடும் கணக்கு அது. முடிச்சுக்கு வந்திருந்தாலே நான்கு என்று இல்லை. அக்குளில் முடிச்சு வந்த மார்பகப் புற்றுநோயைக் குணமாக்கும் நோக்கத்தோடுதான் சிகிச்சை செய்கிறார்கள். நான்கில்கூட எல்லோருக்கும் ஒரே கதை இல்லை. குடலிலிருந்து கல்லீரலுக்குப் போன ஓரிரு கட்டிகளை வெட்டியெடுத்துக் குணமானவர்கள் இருக்கிறார்கள். மார்பகத்திலிருந்து எலும்புக்கு நோய் போனவர்களில் சிலர் மாத்திரையில் வருடக்கணக்கில் வேலைக்குப் போய் வருகிறார்கள். குணமாக்க முடியாத நிலை என்றாலும் வலியில்லாமல் வைத்திருக்க மருத்துவம் உண்டு, அதையும் கேட்டு வாங்க வேண்டும்.

இன்னொன்று. மார்பகத்திலிருந்து நுரையீரலுக்குப் போனால் அது நுரையீரல் புற்றுநோய் ஆகாது. அங்கே போன மார்பகப் புற்றுநோய்தான். மருந்தும் அதற்கான மருந்துதான். “இப்போ ரெண்டு கேன்சர்” என்று சொந்தக்காரர்கள் கணக்குப் போட்டால் திருத்துங்கள்.

வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள். ஒட்டிக்கொள்ளுமா?

ஒட்டாது. ஒரே தட்டில் சாப்பிடலாம், ஒரே பாயில் படுக்கலாம், பேரப்பிள்ளை மடியில் உட்காரலாம். சில புற்றுநோய்களுக்குக் காரணமான கிருமிகள் ஒட்டலாம் என்பது வேறு விஷயம். கர்ப்பப்பை வாய்க்கு ஹெச்.பி.வி., கல்லீரலுக்கு ஹெபடைடிஸ் பி. இரண்டுக்கும் தடுப்பூசி இருக்கிறது. ஆயாவுக்குத் தனி டம்ளர் வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். நோயைவிட அந்த டம்ளர்தான் அவர்களை அதிகம் அழவைத்தது.

ஏன் இவருக்கு வந்தது? எண்ணூர், மணலி புகையாலா?

வெளிக்காற்று மாசு நுரையீரல் புற்றுநோய்க்குக் காரணம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2013-ல் அறிவித்தது. ஆகவே சுத்தமான காற்றைக் கேட்டுப் போராடுவது நியாயம். ஆனால் ஒரு ஆளுக்கு எதனால் வந்தது என்று விரல் நீட்டிச் சொல்ல யாராலும் முடியாது. பீடி, சிகரெட், மாவா பழக்கம் இருந்தால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். நிறுத்தினால் ஆபரேஷன் புண் ஆறுவதும் சிகிச்சை பலிப்பதும் மேல். “நான் அப்பவே சொன்னேன்ல” என்பதை மட்டும் யாரும் சொல்லாதிருக்கட்டும்.

அப்பாவிடம் சொல்லலாமா? பயந்துவிடுவாரே?

“எங்ககிட்ட மட்டும் சொல்லுங்க டாக்டர், அவருக்குத் தெரிய வேணாம்” என்பது நம் வீடுகளில் வழக்கமாகிவிட்டது. பாசத்தில் செய்வதுதான். ஆனால் அவர் குழந்தை இல்லை. நாற்பது வருடம் கடலுக்குப் போய் வந்த மனிதர், தன்னைச் சுற்றி எல்லோரும் குசுகுசுப்பதைக் கவனிக்காமலா இருப்பார்? தெரிந்துகொண்டும் தெரியாததுபோல நடிப்பார். அப்புறம் வீட்டில் இரண்டு பக்கமும் நடிப்பு, மனம்விட்டுப் பேச ஆளில்லை.

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டவும் வேண்டாம். முதலில் அவருக்கு எவ்வளவு தெரிய வேண்டும் என்று கேளுங்கள். “அப்பா, டாக்டர் சொல்றதை நீயே கேட்டுக்கறியா, நான் கேட்டுட்டு வந்து சொல்லட்டுமா?” என்று ஒரு பொண்ணு கேட்டதைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். அவர் கொஞ்ச நேரம் வெற்றிலையை மடித்துக்கொண்டே இருந்துவிட்டு, “நீயும் வா, நானும் வர்றேன்” என்றார். முடிவு வராத நாட்களில் “ஒண்ணும் இல்லப்பா” என்று சத்தியம் செய்யாதீர்கள். “இன்னும் தெரியல, தெரிஞ்சதும் உனக்குச் சொல்றேன்” என்பது உண்மை. பிறகு அவர் உங்களை நம்புவதற்கு அது உதவும்.

சர்க்கரை சாப்பிட்டால் பரவும், இந்தக் கஷாயம் குடித்தால் கரையும் என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே?

இனிப்பை நிறுத்தினால் கட்டி பட்டினி கிடந்து சாகாது. உடம்புதான் மெலியும். சிகிச்சை தாங்க எடை வேண்டும். கஞ்சி, முட்டை, மீன், பருப்பு, எது இறங்குகிறதோ கொடுங்கள். நீரிழிவு இருந்தால் அதற்கான கட்டுப்பாடு தனி. கஷாயம், பொடி, லேகியம் எதுவானாலும் டாக்டரிடம் காட்டாமல் வேண்டாம். சிலது கல்லீரலைக் கெடுக்கும், சிலது ஆபரேஷனில் ரத்தம் உறையாமல் செய்யும்.

எங்கே போவது? காசுக்கு என்ன செய்வது?

நம் பக்கத்துக்கு முதல் கதவு பழைய ஜெயில் ரோட்டில் உள்ள ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரி. ஆயாக்கள் இன்னும் கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி என்று சொல்வது அதைத்தான். சென்ட்ரல் எதிரே ஜி.ஹெச்., அடையாரில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-ல் தொடங்கிய புற்றுநோய் நிலையம், இவையும் இருக்கின்றன. எங்கே ஆரம்பித்தாலும் நடுவில் இடம் மாற்றிக்கொண்டே இருக்காதீர்கள். மாற்றியே ஆக வேண்டுமென்றால் ஸ்லைடையும் மெழுகு பிளாக்கையும் கேட்டு வாங்கிக்கொண்டு போங்கள். மறுபடி சதை எடுக்கும் வேதனை மிச்சமாகலாம்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். ஆண்டு வருமானம் 1 லட்சத்து 20 ஆயிரத்துக்குள் இருக்க வேண்டும். அட்டை இல்லையென்றால் இந்தக் காத்திருப்பு நாட்களிலேயே ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்று மூன்றையும் தயார் செய்யுங்கள். படுக்கையில் சேர்த்த பிறகு வருமானச் சான்றுக்கு அலைவது கொடுமை. சந்தேகம் இருந்தால் அரசின் மருத்துவ உதவி எண்ணான 104-க்குப் போன் செய்து கேட்கலாம்.

நான் என்னையே எப்படித் தாங்கிக்கொள்வது?

இரவில் தேடிப் படிப்பதை நிறுத்துங்கள். அலைச்சலை இரண்டு பேர் பங்கு போட்டுக்கொள்ளுங்கள். மருமகள் ஒருத்தி தலையில் எல்லாவற்றையும் கட்டுவது பல வீடுகளில் நடக்கிறது, அது நியாயமில்லை. “என்ன சொன்னாங்க?” என்று தெருவே கேட்கும். ஒவ்வொருவருக்கும் பதில் சொல்லத் தேவையில்லை. வீட்டில் ஒருவர் மட்டும் பேசட்டும். தாங்க முடியாத மனப்பாரம் என்றால் 14416 என்ற எண்ணில் மனநல ஆலோசனை இலவசமாகக் கிடைக்கும்.

முடிவு வாங்கும் நாளில் என்ன கேட்க வேண்டும்?

கூட ஒருவரை அழைத்துப் போங்கள். ஒருவர் கேட்க, ஒருவர் எழுத. எந்த உறுப்பில் ஆரம்பித்தது, என்ன வகை, முடிச்சுக்கு வந்திருக்கிறதா, தூரத்துக்குப் போயிருக்கிறதா, இன்னும் எந்த டெஸ்ட் பாக்கி, குணமாக்கும் சிகிச்சையா கட்டுக்குள் வைக்கும் சிகிச்சையா, எப்போது ஆரம்பிப்பீர்கள் என்று வரிசையாகக் கேளுங்கள். புரியவில்லை என்றால் “டாக்டர், இன்னொரு தரம் சொல்லுங்க” என்று கேளுங்கள். எல்லா ரிப்போர்ட்டையும் மொபைலில் போட்டோ எடுத்து, அசலைத் தேதி வரிசையில் ஒரே ஃபைலில் வையுங்கள். கிளம்பும் முன் அடுத்த ஓ.பி. தேதியைச் சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.